துப்புக்கூலி முதல் ரேன்சம்வேர் வரை

உடையார்பாளையம் என்ற ஊரின் பெயரிலேயே பாளையம் இருக்கிறது. பாளையக்காரர்களின் வேலை வரி வாங்குவதோடு முடிந்துவிடவில்லை. ஊரைக் காப்பதும் அவர்கள் பொறுப்பு. அதற்காகக் குடிகள் தனியே காவல்வரி கொடுத்தார்கள். களவு போனால் காவல்காரர் தடம் பார்த்துப் பொருளை மீட்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் இழப்பை ஈடுகட்ட வேண்டும். அதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை விதி.

அன்று ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து உழவுமாடு. விதைப்பு நேரத்தில் மாடு களவுபோனால் அந்த வருச வெள்ளாமையே போனது மாதிரி. இது கள்ளனுக்கும் தெரியும். ஆகவே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போவதைவிட, சொந்தக்காரரிடமே விலை பேசுவது அவனுக்கு லாபம். நடுவில் ஓர் ஆள் வருவார். இவ்வளவு கொடுத்தால் துப்புக் கிடைக்கும் என்பார். பணம் கைமாறியதும் ஏதோ ஒரு தோப்பில் மாடு கட்டிக்கிடக்கும். அந்தப் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

இன்று மாடு இருந்த இடத்தில் கோப்பு இருக்கிறது. பட்டா, பத்திரம், நோயாளியின் சீட்டு, சொசைட்டியின் நகைக்கடன் கணக்கு எல்லாம் பேரேட்டிலிருந்து கணினிக்குப் போய்விட்டன. நாடு முழுக்க 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் ஒன்றிய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நல்ல காரியம். ஆனால் தொழுவம் மாறினால் காவலும் மாற வேண்டும்.

ரேன்சம்வேர் கள்ளன் ஊருக்குள் வருவதில்லை. மின்னஞ்சலில் பில் என்று வரும் ஓர் இணைப்பு, ஊழியர் எளிதாக வைத்த கடவுச்சொல், புதுப்பிக்காமல் விட்ட மென்பொருள், இவற்றில் ஒன்று போதும். நுழைந்ததும் சத்தம் போடாமல் பல நாள் உள்ளேயே இருப்பான். எந்தக் கோப்பு முக்கியம், நகல் எங்கே இருக்கிறது என்று தேடுவான். பல வேளைகளில் ஒரு பிரதியையும் எடுத்துக்கொள்வான். பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறியாக்கம் செய்து பூட்டிவிட்டு, திறவுகோலுக்குக் கிரிப்டோ நாணயத்தில் விலை சொல்வான். மாடு நம் தொழுவத்திலேயே நிற்கிறது, கட்டவிழ்க்கத்தான் முடியாது. பணம் கொடுக்க மறுத்தால், எடுத்த பிரதியை ஊரறிய வெளியிடுவேன் என்பது அடுத்த மிரட்டல்.

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது உலகில் சுமார் 150 நாடுகள் தவித்தன. கேரளத்தின் வயநாட்டில் ஒரு கிராம ஊராட்சி அலுவலகமும் சிக்கியது. வான்னாக்ரை நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கணினிகள் பூட்டப்பட்டு 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டதும், அதை நம்பியிருந்த ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவைகள் தடைபட்டன. அவற்றில் பெரும்பாலானவை கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும்தான். சின்ன ஊரை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் இனி செல்லாது.

தாக்கப்பட்டால் என்ன செய்வது? முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதறிப்போய்க் கணினியை ஃபார்மேட் செய்யாதீர்கள்; தடயம் அழிந்துவிடும். திரையில் வந்த மிரட்டலைப் படமெடுத்து வையுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. சைபர் குற்ற உதவி எண் 1930. பூட்டு பழையதாக இருந்தால், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பங்கேற்று 2016-இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் திட்டத்தில் இலவசத் திறவுகோல் கிடைக்கவும் கூடும். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். துப்புக்கூலி கொடுத்த தொழுவத்துக்குக் கள்ளன் மறுபடியும் வருவான். எடுத்த பிரதியை அழித்துவிட்டான் என்பதற்கும் அவன் சொல்லைத் தவிர வேறு உறுதி கிடையாது.

நம் முப்பாட்டனுக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு உண்டு. மாட்டைப் படியெடுக்க முடியாது; கோப்பைப் படியெடுக்கலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ரேன்சம்வேர் தாக்குதலால் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. சீட்டும் அறிக்கையும் இரண்டு வாரம் கையால் எழுதப்பட்டன. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால் பாதிப்பு எட்டாத ஒரு நகல் சர்வர் இருந்தது. நோயாளிகளின் தரவு அதிலிருந்து மீண்டது.

எனவே ஒவ்வொரு அலுவலகத்திலும் தரவுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது எந்தக் கம்பியிலும் இணையாமல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். சொசைட்டியின் பொதுக்குழுவுக்குப் போகும் உறுப்பினரும் எழுந்து கேட்கலாம்: எங்கள் கணக்கின் நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக என்றைக்குச் சோதித்தீர்கள்? காவல்வரி கொடுத்த குடிகளுக்கு அன்று இருந்த உரிமை, தரவைக் கொடுத்த நமக்கும் உண்டு.