எட்டு மடங்கு போதும்

“அண்ணாச்சி, இது எத்தனை கிலோமீட்டர் காட்டும்?”

என் கழுத்தில் தொங்கும் பைனாகுலரைப் பார்த்ததும் எல்லாரும் கேட்பது இதைத்தான். அச்சகத்துப் பையன்களும் கேட்பார்கள், மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பாதையில் எதிரே வருகிறவர்களும் கேட்பார்கள். வெறுங்கண்ணுக்கே நிலா தெரிகிறது. அது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கை வைத்து பைனாகுலரை அளக்க முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வியை நம்பித்தான் திருவிழாக் கடைகளிலும் ஆன்லைனிலும் பெரிய பெரிய எண் போட்ட பெட்டிகள் விற்பனையாகின்றன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசையாக வாங்குகிறார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கண் வலிக்கிறது என்று பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காசு இனிமேலும் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஆப்செட் மெஷினில் நின்றவன். வெடிக்கட்டு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் என்று அடித்த தாளையெல்லாம் சின்ன லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பதே வேலை. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று அந்த லென்ஸ்தான் சொல்லும். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தால் அடுத்த பொங்கல் வரை தலை நிமிர நேரம் இருக்காது. பொங்கல் கழிந்து வேலை தளரும்போதுதான் மேற்கே மலைப்பக்கம் கிளம்புவேன்.

அங்கே எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு உயிர் இருக்கிறது. சாம்பல் நிற மலை அணில். முதுகில் நரை விழுந்த மாதிரி வெள்ளை தெளித்திருக்கும். உடம்பு நீளத்துக்கே வாலும் இருக்கும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தின் சில காடுகளையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதற்காகவே 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைத்தார்கள். 2021இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது, தமிழ்நாட்டில் ஐந்தாவது. இத்தனை பக்கத்தில் இருந்தும், எங்கள் ஊரில் இந்த அணிலை நேரில் பார்த்தவர்கள் குறைவு. மரத்தின் உச்சியிலேயே வாழும்; ஒரு மரத்துக் கிளை அடுத்த மரத்தைத் தொடும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும்; ஆளைக் கண்டால் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்துவிடும். கீழே நின்று வெறுங்கண்ணால் பார்த்தால் அது வெறும் முண்டு முடிச்சுதான்.

துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப்பை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒற்றைக் குழாய், விலையும் மலிவு என்பதால் வரும் யோசனை. வேண்டாம். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அது புருவத்தில் இடிக்காமலிருக்க, கண்ணை எட்டு பத்து சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிற மாதிரிதான் ஸ்கோப்பைச் செய்கிறார்கள். கையில் பிடித்து அதன் வழியே ஒரு அணிலைத் தேடுவது பெரும்பாடு. வேட்டை என்பதும் இங்கே முடிந்துபோன கதை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியும் அடைபட்டது. அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் கால் வைப்பதே குற்றம். இந்தியப் பறவையியலின் பெரியவர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று கேட்கப் போய்த்தான் இந்தத் துறைக்குள் வந்தார். இன்றைக்கு ஒரு பையனுக்கு அந்த ஆசை வந்தால் கையில் பைனாகுலரைக் கொடுத்துவிடலாம், குருவி பிழைத்துப்போகும்.

சரி, எதை வாங்குவது? பைனாகுலர் மேல் 8x42 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். நாற்பது மீட்டர் தள்ளி புளியமரத்தில் இருக்கும் அணில், எட்டு மடங்கில் ஐந்து மீட்டரில் இருப்பது போலத் தெரியும். மீசை தெரியும், காது நுனி மயிர் தெரியும், புளியங்காயை முன்னங்கால்களில் உருட்டுவது தெரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பத்து மடங்கு, இருபது மடங்கு இன்னும் நன்றாகக் காட்டாதா என்பார்கள். உருவத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி நம் கைநடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். பத்துக்கு மேல் போனால் ஸ்டாண்டு இல்லாமல் சரிப்படாது. எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் கரிசல் தரை சுட ஆரம்பித்தால் காற்றே நெளியும். அந்தக் கானலையும் லென்ஸ் பெரிதாக்கித்தான் காட்டும். குளிர்நாட்டில் பத்து மடங்குக் கண்ணாடி தரும் தெளிவை வத்திராயிருப்புப் பக்கம் நடுப்பகலில் எதிர்பார்க்க முடியாது.

மோசமானது ஜூம் வைத்த மலிவு ரகம். ‘10-30’ என்று போட்டிருக்கும். முப்பதுக்குத் திருகினால், பார்வை வட்டம் இரண்டு டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். நாற்பது மீட்டர் தூரத்தில் அது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. அணில் ஒரு தாவலில் வட்டத்துக்கு வெளியே போய்விடும், பிறகு மரம் முழுக்கத் தேட வேண்டியதுதான். நல்ல எட்டு மடங்குக் கண்ணாடி ஏழு எட்டு டிகிரி காட்டும். அதே மரத்தில் ஐந்து மீட்டர் அகலம். கிளை விட்டுக் கிளை தாவுவதைக் கண்ணை எடுக்காமல் பின்தொடரலாம்.

வெளிச்சம் அடுத்தது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து வெளிச்சமான சுவரைப் பார்த்து நீட்டுங்கள். கண்பக்க லென்ஸின் நடுவில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் மிதக்கும். முன் லென்ஸின் அளவை மடங்கால் வகுத்தால் வருவதுதான் அந்த வட்டத்தின் அளவு. 8x42 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சட்டைப் பையில் அடங்கும் 10x25 என்றால் இரண்டரை. உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும், அதற்கு இரண்டரை போதும். ஆனால் அணில் தின்ன வரும் விடியற்காலையிலும், அடர்ந்த மாந்தோப்பு நிழலிலும் கண்மணி அகலத் திறக்கும். அப்போது சின்னக் கண்ணாடி இருட்டடித்துவிடும்.

அந்த வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டு, சதுரமாக நிழல் கட்டினால் உள்ளே இருக்கும் பட்டகம் (ப்ரிஸம்) மலிவான கண்ணாடி. பேக்-4 என்ற ரகம் போட்டவை வட்டமாகக் காட்டும். பூச்சும் முக்கியம். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கு திரும்பிப் போய்விடும். உள்ளே பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே தொலைந்தது. இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை 1935இல் ஜெர்மனியின் ஸீஸ் நிறுவனத்தில் ஸ்மகுலா என்பவர் கண்டுபிடித்தார். முன் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் மங்கலாகப் பச்சையோ ஊதாவோ மின்ன வேண்டும். வெள்ளை டியூப்லைட் அப்படியே வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சில்லை. மாணிக்கம் போலச் சிவப்பாக ஜொலிக்கும் லென்ஸை ‘ராத்திரியிலும் தெரியும்’ என்று விற்பார்கள். அது சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்புகிறது. கலர் அச்சடித்தவனுக்கு இது உடனே புரியும், மெஜந்தா குறைந்த தாள் மாதிரி உலகமே பச்சை பாய்ந்து கிடக்கும்.

குழாய் நேராக இருக்கும் ரகம் பார்க்க நவீனமாக இருக்கும். முன்பக்கம் அகன்று தோள்பட்டை வைத்த பழைய அமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியரான போர்ரோ தந்தது. கையில் பத்தாயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கிறது என்றால் பழைய அமைப்பையே வாங்குங்கள். நேர்க்குழாய்ப் பட்டகத்தை ஒழுங்காகச் செய்ய அதிக நுணுக்கமும் தனிப் பூச்சும் வேண்டும். மலிவு விலையில் அதை எதிர்பார்க்கக் கூடாது. நிக்கான் அகுலான் 8x42, ஒலிம்பஸ் டிபிஎஸ் 8x40 இரண்டும் பழைய அமைப்பில் வரும் நம்பகமான எளிய கண்ணாடிகள். முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் எடை இருக்கும், மழைத் தண்ணீர் தாங்காது, அதனால் கூடவே ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். கண்ணைத் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிய, கண் தூரம் பதினைந்து மில்லிமீட்டராவது வேண்டும். இந்த இரண்டிலும் பன்னிரண்டுதான். அவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு நேர்க்குழாய் 8x42 வாங்குவதே நல்லது.

கடையில் வாங்கினாலும் பார்சலில் வந்தாலும் முதல் சோதனைக்கு நான் அனுப்புவது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்துக்கு. பதினோரு நிலையும் காலை வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரியும். கலசத்தின் விளிம்பை வானத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஊதாவும் பச்சையும் கோடு கட்டினால், கலர் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ரிஜிஸ்டர் விலகிய தாள்தான் அது. வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நடுவிலேயே இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அடுத்து ஒரு நிலையின் கிடைக்கோட்டைப் பார்த்தபடியே பைனாகுலரை மெல்லக் கண்ணிலிருந்து நாலு விரற்கடை விலக்குங்கள். இடதுகண் கோடும் வலதுகண் கோடும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. பரணுக்குப் போன பைனாகுலர்கள் பலவற்றில் நான் கண்ட குறை இதுதான். கண் அந்த விலகலைச் சரிக்கட்டப் பார்த்துப் பார்த்து ஓய்ந்து, தலைவலியில் கொண்டுபோய் விடும்.

நல்ல கண்ணாடியே இருந்தும் கண்ணுக்குச் சரிசெய்யத் தெரியாதவர்கள் உண்டு. வலது கண்ணை மூடி, இடது கண்ணால் ஒரு இலையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகுங்கள். இலை நரம்பு தெளிந்ததும் இடது கண்ணை மூடி, அதே இலையை வலது கண்ணால் பார்த்து, வலது கண்பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருகுங்கள். அதன்பின் நடுச்சக்கரம் மட்டும் போதும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள், ஒரு கணத்தில் பார்வை போய்விடும்.

கண்மாய்ப் பறவைகளுக்காக மட்டும் போகிறவர்கள் பத்து மடங்கு வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். கூந்தன்குளத்தில் இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் தண்ணீருக்கு அந்தக் கரையில்தான் நிற்கும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்கும் போகலாம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடிக்கட்டு லேபிள் அடித்துப் பிழைத்தவன் நான். அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

விலைக்கு அஞ்சுகிறவர்களுக்கு மா. கிருஷ்ணனைச் சொல்வேன். திருநெல்வேலியில் பிறந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதியவர். ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்த்துத் தானே கோத்த கேமராவை வைத்துக்கொண்டுதான் காட்டு யானைகளைப் படம் எடுத்தார்.

வாங்கிய பிறகு பெரிய எதிரி தூசி. எங்கள் பக்கம் தூசி என்றால் புழுதி மட்டும் கிடையாது. பேன்சி ரகப் பட்டாசு ஆலையில் மருந்து வேலை பார்க்கும் நண்பருக்கு, குளித்து வந்த பிறகும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மினுங்கும். அந்த விரலால் லென்ஸைத் துடைத்தால் பூச்சு கீறிப்போகும். வேட்டி நுனி, துண்டு எதுவும் கூடாது. முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, கடைசியில்தான் மூக்குக்கண்ணாடித் துணி. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உள்ளே பூசணம் பிடித்தால் சுத்தம் செய்யும் கூலி புது விலையைத் தொட்டுவிடும்.

ஒருவரால் முடியாவிட்டால் சேர்ந்து வாங்குவதில் தவறில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் பையன்கள் சிலர் அப்படித்தான் ஒன்று வாங்கினார்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் வலது வளையம் வேறு இடத்தில் நிற்கும் என்பதால், வளையத்தில் ஆளுக்கொரு கலரில் மசிப்புள்ளி வைத்துக்கொண்டார்கள். “தம்பி, உன் மஞ்சளுக்குத் திருப்பிக்கோ” என்று சொல்லிக் கை மாற்றினால் போதும், அணில் நகர்வதற்குள் அடுத்தவனும் பார்த்துவிடுவான்.