இருபது முடிச்சுக் கயிறு

காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வெற்றியாளன்" என்று பலமுறை சொல்லச் சொல்லும் காணொளிகளுக்கு இன்று பஞ்சமில்லை. இதை முதலில் ஊரறியச் செய்தவர்களில் ஒருவர் எமில் குவே, பிரான்ஸ் நாட்டு மருந்துக் கடைக்காரர். 1857இல் துருவா நகரில் பிறந்தவர். மருந்தை நாலு நல்ல வார்த்தையோடு கொடுத்தால் குணம் கூடுதலாகத் தெரிவதைக் கடையிலேயே கவனித்திருக்கிறார்.

பிறகு நான்சி நகரில், தேடி வந்தவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார். நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தேறி வருகிறேன் என்பது அதன் சாரம். விடிந்ததும் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை, ஒவ்வொரு வேளையும் இருபது தடவை முணுமுணுக்க வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க இருபது முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. ஜபமாலைதான், சாமி மட்டும் இல்லை!

குவே அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மனவுறுதியும் கற்பனையும் மோதினால் கற்பனையே ஜெயிக்கும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாதீர்கள் என்றார். இன்றைய காணொளிக்காரர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள். அவருடைய வாக்கியத்தையே கவனியுங்கள். 'தேறிவிட்டேன்' என்றல்ல, 'தேறி வருகிறேன்' என்றுதான் இருக்கிறது.

அவர் எச்சரிக்கையில் அர்த்தம் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நான் அன்புக்குரிய மனிதர்' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, தன்மதிப்பு ஏற்கெனவே உள்ளவர்களுக்குச் சற்றே தெம்பு கூடியது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கோ மனம் இன்னும் சோர்ந்தது. நம்ப முடியாததை வாய் சொன்னால், உள்ளிருந்து ஒரு குரல் "யாரிடம் கதை விடுகிறாய்?" என்று கேட்கத்தானே செய்யும்?

ஆகவே பெரிய வாக்கியங்களைத் தள்ளிவைப்பதே நல்லது. "நான் மேடைப் புலி" என்பதைவிட, "போன கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினேன், இன்றும் பேசுவேன்" என்பதை மனம் மறுக்காது. இன்னொரு வழியும் உண்டு. பதற்றமான நேரத்தில் 'நான்' என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டவர்களுக்குப் படபடப்பு குறைந்ததாக உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் எழுதினார்கள். "செல்வி, மூச்சை இழுத்து விடு. முதல் கேள்வியை மட்டும் பார்" என்று தேர்வறை வாசலில் சொல்லிக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எதைச் சொல்லியும் மனம் தேறாமல் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், வாக்கியத்தை மாற்றிப் பயனில்லை. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.