படகே வீடு

மலாக்கா ஆற்றில் படகு உலா செல்வோர் சிறிது நேரத்தில் கரையேறி வீடு திரும்புவர். படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்களும் உள்ளனர். இங்கிலாந்தின் கால்வாய்களில் முற்காலத்தில் நிலக்கரி ஏற்றிச் சென்ற குறுகிய படகு வகை, இன்று பலருக்கு இல்லமாக விளங்குகிறது. அதன் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர்தான். சமையலறை, குளியலறை, படுக்கையறை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும்.

பயணத்தில் இருக்கும் படகுக்குக் குழாய் நீரும் வராது; மின்கம்பியும் வராது. எனவே, கரையோரக் குழாயில் நீர் பிடித்துப் படகின் தொட்டியை நிரப்ப வேண்டும். இயந்திரத்தை இயக்கியோ சூரியத் தகடுகளைப் பொருத்தியோ மின்கலத்தில் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். கழிவறைக் கழிவை அதற்கென ஒதுக்கிய இடத்தில் அகற்ற வேண்டும். குளிர்காலத்தில் அடுப்பெரியும்போது காற்றோட்டம் குறைந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உயிரையே பறித்துவிடும்; ஆகவே, எச்சரிக்கைக் கருவி மிக அவசியம். நிலையான படகுத்துறை இல்லாதவர்கள் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்கவும் இயலாது.

1991ஆம் ஆண்டு டுரியான் துங்கல் அணை வறண்டபோது, மலாக்கா மக்களும் நீரை அளந்தே பயன்படுத்தினர். நெருக்கடி நீங்கியதும் அப்பழக்கம் எளிதில் மறந்துபோகும். படகில் வாழ்பவர்களுக்கோ அதுவே அன்றாட வாழ்க்கை.