கெமராவுக்கு முன் கடதாசி

தோட்டத்தில் படம் பிடிக்கும் தொழில் பெரும்பாலும் உறவுக்குள்தான் ஆரம்பிக்கும். மாமா மகளின் சடங்கு, அடுத்த லயத்துக் கல்யாணம், கோயில் திருவிழா. "நம்ம தம்பிதானே, பார்த்துச் செய்வோம்" என்பார்கள். தம்பியும் கணக்குப் பேசாமல் போய்விடுவார். கொஞ்சம் காசு சேர்ந்ததும் தெரணியகலை டவுனில் சின்ன அறை எடுத்து ஸ்டூடியோ போடும் ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் வாடகையோ கடனோ ஓடரோ படத்தின் உரிமையோ, எழுதி வைக்காத இடத்தில்தான் பின்னால் மனஸ்தாபம் முளைக்கும். புதிதாகத் தொழிலில் இறங்குகிறவர் எந்தெந்தக் கடதாசியைக் கையில் வைத்திருக்க வேண்டும், தகராறு வந்தால் யாரிடம் போகலாம் என்று பார்ப்போம்.

பெயரும் இடமும்

உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்யாமல் கடைக்கு வேறு பெயர் வைத்தால், அந்தப் பெயரைப் பதிய வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கிறது. அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, தொழில் நடக்கும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கடைசியில் சொன்னதுதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல். லயக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. பெருந்தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில் இருக்கிறது. ஆகவே காம்பராவில் தொழில் நடத்துவதானால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தைக் கடிதமாகவே வாங்குங்கள். டவுனில் அறை எடுத்தால், முற்பணம் எவ்வளவு, எத்தனை காலம், விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவித்தல் என்பவை வாடகை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பிரதேச சபைக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய வரியோ உரிமக் கட்டணமோ உண்டா என்று விசாரித்து, கட்டியதற்குப் பற்றுச்சீட்டு எடுத்து வையுங்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விண்ணப்பம் காரணமின்றிக் கிடப்பில் கிடந்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காரணம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

இன்னொரு பதிவும் உண்டு. தேசிய அடையாள அட்டைக்குப் பொதுவாக ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோக்களின் படத்தையே ஏற்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஓடர் இருக்காது. ஆனால் அடையாள அட்டைப் படத்துக்கு 15 வயது நிரம்பிய பள்ளிப் பிள்ளைகள் எல்லா மாதமும் வருவார்கள்.

கடனும் கருவியும்

வருமானம் முகூர்த்த மாதங்களில் வரும். கடன் தவணை வாரமோ மாதமோ தவறாமல் வந்து நிற்கும். முதல் வருடத்தில் கழுத்தை இறுக்குவது இந்த இடைவெளிதான். நுண்கடன் வட்டி ஏறிய வேகத்தைப் பார்த்து, மத்திய வங்கி 2018இல் ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு போட வேண்டியதாயிற்று. "வாரத்துக்கு எவ்வளவு" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டு வட்டி என்ன, எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், தவணை பிந்தினால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். குழுக்கடனில் அடுத்தவர் கட்டாத பணமும் உங்கள் தலையில் விழலாம். வங்கியோ நிதிக் கம்பனியோ அநியாயம் செய்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பாவித்த கெமரா வாங்கினால் பெட்டியிலும் உடலிலும் தொடரிலக்கம் ஒன்றுதானா என்று பாருங்கள். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியும் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டும் வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரியவந்தால் கெமராவும் போகும், பொலிஸுக்கும் அலைய வேண்டும். தெரணியகலை மழை ஓயாத ஊர். லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் முதல் நாளே வாங்கவேண்டியவை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் வீட்டை விட்டு ஓட நேரும். வாடிக்கையாளரின் படங்களுக்கு இரண்டாவது பிரதி வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

ஓடர் எடுக்கும்போது

சொந்தக்காரர் வீட்டுக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: திகதி, எத்தனை மணிநேரம், அல்பத்தில் எத்தனை பக்கம், முற்பணம், மீதி, கொடுக்கும் நாள். மழையிலோ மண்சரிவிலோ நிகழ்ச்சி தள்ளிப்போனால் முற்பணம் என்ன ஆகும், மூலப்படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதையும் சேருங்கள். இந்தத் தாள் இரு பக்கத்தையும் காக்கும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வதாக நீங்கள் உறுதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். வாடிக்கையாளர் தன் முறைப்பாட்டைச் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய கெமராவின் உத்தரவாதத்தைக் கடைக்காரர் மதிக்காவிட்டால் அதே சட்டம் உங்களுக்கும் உதவும். அதிகார சபையின் தொலைபேசி 1977.

படத்தின் உரிமை

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் புகைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பதிவு தேவையில்லை, படம் பிடித்தபோதே உரிமை பிறக்கிறது. அது படைத்தவரின் ஆயுளோடு மேலும் 70 ஆண்டு நிற்கும். இன்னொருவரின் ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு எடுத்த படம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சேரும். கல்யாணப் படம் போன்றவற்றில் யார் எதைச் செய்யலாம் என்று ஓடர் தாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

சடங்குப் படத்தில் இன்னும் கவனம் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தை விளம்பரத்துக்காக முகநூலில் போட்டால், அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது. தாய் தகப்பனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். பிள்ளை வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்ந்த 286அ பிரிவு ஸ்டூடியோக்காரருக்கு நேரடியான கடமை ஒன்றைச் சுமத்துகிறது: கழுவுவதற்காகக் கொடுக்கப்பட்ட படங்களில் சிறுவர்களின் ஆபாசப் படம் இருக்கக் கண்டால் உடனே பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். சிறுவர் தொடர்பான எந்த முறைப்பாட்டுக்கும் 1929.

கூட வேலை செய்பவர்

லைட் பிடிக்கப் பள்ளிப் பையனைக் கூட்டிப்போகும் வழக்கத்தை விடுங்கள். வேலைக்கான ஆகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்ந்தது. ஒரே ஓர் ஊழியரை வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதமும் அவர் சம்பளத்திலிருந்து 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதமும் கட்ட வேண்டும்.

தகராறு வந்தால்

மீதிப் பணம் தராமல் இழுத்தடித்தால் முதலில் திகதியிட்ட கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்து மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபை சிறு தொகைப் பிணக்குகளை இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கப் பார்க்கும். அங்கேயும் ஓடர் தாளும் பற்றுச்சீட்டும்தான் உங்களுக்காகப் பேசும். நீதிமன்றம் வரை போக வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கெமராவுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். சிறுதொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தித்து, பதிவு, பயிற்சி, கடன் ஆகிய மூன்றையும் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, முகூர்த்தமில்லாத மாதத்தில் தவணை எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடுங்கள். கணக்கு ஒத்துவந்தால் கெமரா வாங்கலாம்.