டியூட்டியில் இல்லாத போலீஸ்காரர்

2025 செப்டம்பர் கடைசியில் ஒரு நள்ளிரவு. ஆந்திராவிலிருந்து திருவண்ணாமலைச் சந்தைக்குச் சரக்கு ஏற்றி வந்த வண்டியை ஏந்தல் புறவழிச்சாலையில் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். வண்டியில் வந்த இளம்பெண்ணை விசாரணை என்று சொல்லி அழைத்துப்போய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள் என்பது புகார். இருவரும் திருவண்ணாமலை கிழக்குக் காவல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள். அன்று நைட் ரவுண்ட்ஸில் இருந்தவர்கள். கைது, சஸ்பெண்ட், அடுத்த சில நாட்களிலேயே டிஸ்மிஸ் என்று எல்லாம் வேகமாக நடந்தன. குற்றம் நிரூபணமாகிறதா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

இந்த வழக்கில் இருவரும் பணியில் இருந்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதே இருவர் டியூட்டி முடித்து, காக்கிப் பேன்ட்டுக்கு மேல் ஒரு கலர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அதே வண்டியை நிறுத்தியிருந்தால்? வண்டி நின்றிருக்கும். விசாரணை என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். பிறகு வரும் அறிக்கையில் மட்டும், ‘சம்பவத்தின்போது அவர்கள் பணியில் இல்லை’ என்று ஒரு வரி கூடியிருக்கும்.

பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது அந்த ஒரு வரியிடம்தான். பணியில் இல்லை என்றால் துறைக்கு இதில் சம்பந்தமில்லை, தனிமனிதர் செய்த தப்பு, போய் வேறு வழி பாருங்கள் என்று அதற்குப் பொருள் கற்பிக்கப்படுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர் காலத்து 1861 காவல் சட்டத்தின் 22-வது பிரிவே, காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. காவலரை வேலை வாங்க இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு. காவலர் தப்பு செய்தால் மட்டும் ஷிப்ட் கணக்கா? 2024 மே மாதம் நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மறுத்து, டியூட்டி என்று நடத்துநரிடம் வாதாடிய வீடியோவை ஊரே பார்த்தது. வாரண்ட் இல்லாமல் பயணம் செய்தால் போலீசாரும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் கொடுத்தது. பதிலுக்கு அரசுப் பேருந்துகளை மறித்துப் போலீஸ் அபராதம் போட்டது. கடைசியில் காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள். சலுகை வேண்டும்போது ‘டியூட்டி’, பழி வரும்போது ‘டியூட்டியில் இல்லை’. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுதான் வேடிக்கை.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதன் சின்ன வடிவம் பழக்கமானது. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதைக்கு வண்டிகளை விடாமல் பேரிகார்டு போட்டிருப்பார்கள். வெளியூர் பக்தர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தூரத்திலிருந்தே நடந்து வருவார். அப்போது ஒரு பைக் வரும். ஒட்ட வெட்டிய முடி, காலில் பழுப்பு ஷூ, முன்பக்கம் ‘போலீஸ்’ ஸ்டிக்கர். “ஸ்டாஃப்” என்று ஒரு சொல். பேரிகார்டு விலகும். கோயில் வரிசையிலும் இதே சொல்தான் மந்திரம். இதையெல்லாம் குற்றம் என்று நான் பெரிதாக்கவில்லை. ஆனால் சொந்த வண்டியில் இப்படி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று உயர் நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. 2024 மே மாதம் முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் அதற்கு அபராதம் போடத் தொடங்கினார்கள். காக்கி இல்லாமலே காக்கியின் அதிகாரம் செல்லும் என்று ஒருவருக்குப் பழகிப்போவது இப்படியான சின்னச் சின்ன இடங்களில்தான்.

அது எதுவரை போகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் லண்டனில் இருக்கிறது. 2021 மார்ச்சில் சாரா எவரார்ட் என்ற பெண், இரவில் வீட்டுக்கு நடந்து போகும்போது கடத்திக் கொல்லப்பட்டார். செய்தவர் வெய்ன் கஸன்ஸ் என்ற லண்டன் மாநகரப் போலீஸ்காரர். அப்போது அவர் டியூட்டியில் இல்லை. ஆனால் போலீஸ் அடையாள அட்டையைக் காட்டி, கொரோனா விதியை மீறியதாகச் சொல்லி, கைவிலங்கு மாட்டித்தான் காரில் ஏற்றினார். ஆயுள் முழுதும் சிறை என்று தீர்ப்பு வந்தது. அதன்பிறகு லண்டன் போலீஸ் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. மஃப்டியில் தனியாக இருக்கும் காவலர் ஒரு பெண்ணை நிறுத்தினால், கட்டுப்பாட்டு அறைக்கு வீடியோ கால் போட்டு, தான் யார், என்ன வேலையாக வந்தேன் என்பதை அந்தப் பெண்ணுக்கு உறுதிப்படுத்த வேண்டும். நம் ஊரில் இப்படி ஒன்று வந்தால் ஆயிரம் விழிப்புணர்வுப் பேரணிகளைவிடப் பயன்படும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-வது பிரிவு, உட்பிரிவு 2, காவலர் செய்யும் பாலியல் வன்கொடுமையைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. தான் நியமிக்கப்பட்ட காவல் நிலையத்தின் எல்லைக்குள் செய்தாலோ, எந்தக் காவல் நிலைய வளாகத்திலாவது செய்தாலோ, காவலில் இருக்கும் பெண்ணிடம் செய்தாலோ, குறைந்தது பத்தாண்டு கடுங்காவல். ஆயுள் முழுவதும் சிறைவரை போகலாம். ‘பணியில் இருக்கும்போது’ என்ற நிபந்தனை இதில் எங்கும் இல்லை. அந்த எல்லைக்குள் எல்லோருக்கும் அவர் போலீஸ்காரர் என்பது போதும். 1972-இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. மதுரா வழக்கு என்று பெயர் பெற்ற அதை எதிர்த்து நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கியதால் பழைய தண்டனைச் சட்டத்தில் 1983-இல் வந்த திருத்தத்தின் தொடர்ச்சி இது. அதோடு சேர்ந்து வந்த இன்னொன்றும் முக்கியம். இவ்வகை வழக்கில் உடலுறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். இப்போது இது புதிய சாட்சியச் சட்டத்தின் 120-வது பிரிவு.

குழந்தைகளுக்கான போக்சோ சட்டம் இன்னும் வெளிப்படை. அதன் 5-வது பிரிவு, காவலர் ‘பணியின்போதோ மற்றபடியோ’ செய்தாலும், போலீஸ்காரர் என்று அறியப்பட்டவராக இருந்து செய்தாலும், கடுமையான குற்றமாகவே வைக்கிறது. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு 2012-லேயே நாடாளுமன்றம் பதில் எழுதிவிட்டது.

64(2)-இல் வரும் ‘காவல் நிலைய எல்லை’ என்பதில், திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தீபத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசார் பல மாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்கு வருகிறார்கள். வேறு மாவட்டத்துக் காவலருக்கு இந்த ஊர் அவருடைய காவல் நிலைய எல்லை ஆகாதே என்று வாதாட ஒரு வக்கீலுக்கு இடம் கிடைக்கலாம். அப்போது அதே 64(2)-க்குள் இருக்கும் வேறு உட்பிரிவுகள் கைகொடுக்கும். நம்பிக்கைக்கு உரிய இடத்திலோ அதிகாரத்திலோ இருந்துகொண்டு செய்தால் அதற்கும் அதே தண்டனைதான்.

பாதுகாப்புக் கவசம் ஒன்று உண்டு என்று பயமுறுத்துவார்கள்: அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 218-வது பிரிவு அது. ஆனால் அந்த அனுமதி, அலுவல் கடமையைச் செய்யும்போது நடந்ததற்கு மட்டும்தான். டியூட்டியில் இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டால், அந்தக் கவசத்தைத் தானே கழற்றி வைக்கிறார். பாலியல் குற்றங்களுக்கு அந்த அனுமதியே தேவையில்லை என்றும் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

துறை நடவடிக்கையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. தண்டனைக்கு 1955-ஆம் ஆண்டின் ஒழுங்கு விதிகள். அதில் பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோவைத்தான் டிபார்ட்மெண்டில் ‘3 பி’ என்கிறார்கள். பணி நேரத்துக்கு வெளியே நடந்ததற்கும் மெமோ கொடுக்கலாம். அது இருக்க, ஒரு சம்பவம் வெளியே வந்தால் முதலில் காதில் விழுவது ‘ஆயுதப்படைக்கு மாற்றம்’ என்ற செய்தி. அது தண்டனையே அல்ல, இடமாற்றம். ஆறு மாதம் கழித்து அதே முகம் இன்னொரு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும். புகார் கொடுத்தவர் மாற்றலோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. குற்ற வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, துறை விசாரணை தொடங்கியதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். குற்ற வழக்கில் விடுதலையானாலும் துறை நடவடிக்கை தானாக முடிந்துவிடாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உயர்ந்த ஒழுக்கம் வேண்டும் என்பதை வைத்து, காவலரின் படுக்கையறைவரை டிபார்ட்மெண்ட் எட்டிப்பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். திருமணத்துக்கு வெளியே ஓர் உறவு வைத்திருந்தார் என்று டிஸ்மிஸ் செய்யப்பட்ட காவலரை, அது சமூகத்தின் பார்வையில் ஒழுக்கக்கேடாக இருக்கலாம், பணி சார்ந்த தவறு ஆகாது என்று 2022-இல் குஜராத் உயர் நீதிமன்றம் திரும்ப வேலைக்குச் சேர்த்தது. சரியான தீர்ப்பு. அதே குஜராத்தில் 2001-இல் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். வடோதராவில் நவராத்திரி நேரத்தில், தனக்கு நிச்சயமான பெண்ணோடு இரவில் பைக்கில் வந்த இளைஞரை, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் மடக்கினார். மிரட்டிக் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். அவரை வேலையிலிருந்து நீக்கியது சரியே என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் போலீஸ்காரர்கூட அல்ல. போலீஸ்காரராக இருந்தாலும் ஒழுக்கக் காவல் பார்க்க வேண்டியதில்லை, உடல்ரீதியான சலுகையோ பொருளோ கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே என்பது புரியும். முதலாமவர் தன் அதிகாரத்தை யார் மேலும் காட்டவில்லை. இரண்டாமவர் காட்டினார். மணி எத்தனை, ஷிப்ட் யாருடையது என்பது இதில் இரண்டாம்பட்சம்.

இன்னொரு நியாயமும் உண்டு. ஓய்வே கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஒழுங்காக இரு என்பது எப்படி? காவலர்களுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்ததே 2021-இல்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பந்தோபஸ்து பார்க்கும் ஊரில் அந்த விடுப்பு எத்தனை பேருக்கு ஒழுங்காகக் கிடைக்கிறது என்று ஏட்டுகளைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சரி, நம் பக்கம் என்ன செய்வது? கைது செய்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். சூரியன் மறைந்த பின்பு, உதிக்கும் முன்பு ஒரு பெண்ணைக் கைது செய்வதானால் அது விதிவிலக்கான சூழலாக இருக்க வேண்டும். பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். சாட்சியாக விசாரிப்பதானால் பெண்ணை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பெண்ணைச் சோதனை போடுவதும் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வாகனச் சோதனை என்று சொல்லி ஒரு பெண்ணை மட்டும் தனியே பிரித்து அழைத்துப் போக எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. ஆனால் இருட்டு ரோட்டில் இரவு ஒரு மணிக்குச் சட்டப்பிரிவைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் 112-ஐ அழைப்பது, இருக்கும் இடத்தை உறவினருக்கு அனுப்புவது, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்குப் போய்ப் பேசலாம் என்று வற்புறுத்துவது ஆகியவைதான் நடைமுறைக்கு ஆகும். பெயரோ நம்பரோ வண்டி எண்ணோ, ஒன்றாவது மனதில் நிற்கட்டும்.

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் கடமை. ஆந்திரப் பெண் தன் ஊருக்குப் போய்க் கொடுத்தாலும் செல்லும். எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் நீட்டி அனுப்பப் பார்த்தால், பாலியல் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். பதியாத அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு என்பதை நினைவுபடுத்துங்கள். அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட். எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். வக்கீலுக்குக் காசு இல்லையே என்று எந்தப் பெண்ணும் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. எண் 15100.

போலீஸ் மீதான புகாருக்கென்று 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்திலேயே ஓர் ஆணையம் இருக்கிறது. தலைவர் கலெக்டர், உறுப்பினர்களில் எஸ்.பி.யும் ஒருவர். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் சுதந்திரமான ஆணையம். நமக்குக் கிடைத்தது இது. இருந்தாலும் மனு கொடுத்து வையுங்கள், பதிவாகட்டும். அதைவிடப் பலமானது மாநில மனித உரிமை ஆணையம். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும், அதுதான் கெடு. காவல் நிலையத்துக்கு அழைத்துப்போயிருந்தால் அங்கே உள்ள கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2020-இல் இதற்கென்றே உத்தரவிட்டிருக்கிறது. தாமதித்தால் பதிவு அழிந்துவிட்டது என்பார்கள்.

மனுவை எழுதும்போது ‘பணியில் இல்லாத காவலர்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பணியில் இருந்தாரா என்பதை ஸ்டேஷன் பொது நாட்குறிப்பைப் பார்த்து விசாரணை அதிகாரி கண்டுபிடிக்கட்டும். நீங்கள் எழுத வேண்டியது வேறு: போலீஸ் என்று சொன்னாரா, கார்டைக் காட்டினாரா, எந்த ஸ்டேஷன் பேரைச் சொன்னார், லத்தியோ விலங்கோ கையில் இருந்ததா, எந்த வண்டியில் வந்தார், அவர் சொன்னதற்கு நீங்கள் பணிந்தது எதனால். வழக்கு எந்தப் பிரிவில் பதிவாகும் என்பதை இந்த விவரங்கள்தான் தீர்மானிக்கும்.