தற்புகழ்ச்சி தகும் இடம்

ஈப்போ நகரில் நேர்காணலுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுள், ‘உம்மைப் பற்றிக் கூறுக’ என்றதும் பெயரையும் ஊரையும் சொல்லி நிறுத்திக்கொள்வோர் உண்டு. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளில் படிந்த அடக்கம் அது. தற்புகழ்ச்சி தகாதென்று 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரமும் கூறுகிறது. ஆனால் பவணந்தியார் அவ்வளவில் விட்டுவிடவில்லை. மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதாரிடையும், அவையில் வெல்லவேண்டிய பொழுதும், எதிரி பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் புகழலாம் என்கிறார். விண்ணப்பமே அவ்வோலை, நேர்காண்போரோ ஆற்றலை உணராதார். புலவர்க்கு வகுத்ததை வேலை தேடுவோர்க்கும் ஆசிரியர் தயங்காது சொல்லலாம். எனினும் புகழ்மொழி வேறு, செய்தி வேறு. விடுமுறையில் பெற்றோருடன் பால் சேர்த்தவன் ‘நான் உழைப்பாளி’ என்னவேண்டா; எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மரத்துப் பால் எடுத்தான் என்று சொன்னாலே போதும்.