மூன்று இலக்கத்தில் முடிய வேண்டியது

ஆம்னி வேனில் இன்ஜின் சூடேறினால், மீட்டர் முள் காட்டுவதற்கு முன்பே முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். இன்ஜின் இருப்பதே அந்த சீட்டுக்கு அடியில்தான். 1984-இல் ‘மாருதி வேன்’ என்று வந்து, 1988-இல் ஆம்னி ஆகி, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. இன்றும் காய்கறி மூட்டையையும் கல்யாண வீட்டுப் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் கை வைக்கலாம் என்று பெயர். ஆனாலும் ஒரு வண்டியின் பில் மூன்று இலக்கத்தில் முடிகிறது, இன்னொன்றின் பில் ஐந்து இலக்கத்தைத் தொடுகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

மூடிக்கு என்ன வேலை?

ரேடியேட்டர் மூடியைத் தூக்குவாளி மூடி மாதிரி நினைப்பவர்கள் உண்டு. அது செய்வது குக்கர் வெயிட்டின் வேலை. உள்ளிருக்கும் ஸ்பிரிங், இத்தகைய கார்களில் பொதுவாக சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரை உள்ளேயே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறத்தாழ 118 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, 100 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். சிலிண்டர் ஹெட்டைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் நீராவிக் குமிழ்கள் நிற்கும். தண்ணீர் வாங்கும் அளவுக்கு நீராவியால் சூட்டை வாங்க முடியாது.

ஹெட் அலுமினியம், அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் எஃகு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். விரிய இடமில்லாத ஹெட் கோணிக்கொள்கிறது, ஆறிய பிறகும் பழைய மட்டத்துக்குத் திரும்புவதில்லை. பட்டறையில் கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்துத் துடைத்து, அதன் மேல் இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வைப்பார் மெக்கானிக். அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார். 0.05 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியைவிட மெல்லிய தகடு, தாராளமாகப் போய் வந்தால் ஹெட் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

அந்த இடுக்கில்தான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட் பழுதாகிறது. ரேடியேட்டரில் விடாமல் குமிழி, சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் குச்சியை உருவினால் பால் காபி நிறம். இவை அடையாளங்கள். கேஸ்கெட், லேத் கூலி, ஆயில், கூலன்ட், கழற்றி மாட்டும் கூலி என்று பில் நான்கு இலக்கமாகும். ‘வீடு வரைக்கும் போய்விடலாம்’ என்று ஓட்டி, பிஸ்டன் ஜாம் ஆனால் போரிங் வேலை, ஐந்து இலக்கம். தொடங்கி வைத்த மூடியின் விலையோ மூன்று இலக்கம்.

தூக்கி எறிந்த வால்வு

“சூடாகுதா சார்? தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிட்டா சரியாயிடும்.” பல பட்டறைகளில் கேட்கும் வைத்தியம் இது. அந்த வால்வுக்குள் இருப்பது ஒரு சிட்டிகை மெழுகு. 80 டிகிரியைத் தாண்டும்போது மெழுகு உருகி விரியும். சிறு கம்பியைத் தள்ளும். ரேடியேட்டருக்கு வழி திறக்கும். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிவிடும். மைலேஜ் குறையும், ரிங் தேயும்.

சூட்டின் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றியே பழகிய வண்டியில், குடத்தின் உட்புறம் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. அந்தச் சுண்ணாம்புப் படிவு சூட்டைக் கடத்தும் திறன், உலோகத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். வால்வு கெட்டதா என்று அறிய வீட்டு அடுப்பே போதும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதிக்கும் முன் வாய் திறந்தால் வால்வு நல்லது.

டொக்கென்று ஒரு சத்தம்

முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை விடும்போது அடியில் ‘டொக்’ என்றால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். ஆம்னியில் இழுப்பது பின் சக்கரம். இன்ஜின் பலத்தை நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் கொண்டுபோகிறது. பட்டை ஸ்பிரிங்கில் ஏறி இறங்கும் அச்சோடு ஷாஃப்ட்டும் சாய்வதால், இரு முனையிலும் கூட்டல் குறி போன்ற கிராஸ். அதன் நான்கு கைகளிலும் ஊசி பேரிங். இந்த ஊசிகள் முழுச் சுற்று சுற்றுவதில்லை. சிறிதளவு முன்னும் பின்னும் ஆடுகின்றன. கிரீஸ் காய்ந்தால் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம்தான் ‘டொக்’.

இதுவும் மூன்று இலக்கச் சாமான்தான். மாட்டும்போது பழைய நேரிலேயே மாட்டினார்களா என்று மட்டும் பாருங்கள். ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டுகிறது. நேர் தவறினால் புதுக் கிராஸ் போட்டும் வண்டி அதிரும்.

துருவும் எஃப்.சி.யும்

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டில் பதிவு முடிகிறது. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் பலரைத் தடுப்பது இன்ஜின் அல்ல, துரு. தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளத்தில் மண் அடைத்து மழைத் தண்ணீர் தேங்கும். கடலோர ஊர் என்றால் உப்பும் சேர்ந்து அரிப்பு வேகமெடுக்கும். வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலைக்கு நாள் கணக்கில் கூலி. தண்டவாளத்து மண்ணைக் கிளறப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். ஹோஸ் பைப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதன் ரப்பரைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கக் கூடாது. அழுத்தம் விலகிய கணமே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் கடைக்காரரிடம் ஒரு மூடி கேளுங்கள். சில்லறை பாக்கி வரும்.